நைல் படகுகள்: கேட்டவையும் சொன்னவையும்

முதலிலேயே ஒன்று. பண்டைய எகிப்து என்பது 3,000 ஆண்டு. எந்தக் காலம் என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

ஆற்றுமணல்: ஆற்றை எதிர்த்து எப்படிப் போனார்கள் அண்ணா?

நைல் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. காற்று பெரும்பாலும் வடக்கிலிருந்து தெற்கே வீசுகிறது. தெற்கே போக வேண்டுமா, பாயை விரி. வடக்கே வர வேண்டுமா, பாய்மரத்தைச் சாய்த்துவிட்டுத் துடுப்புப் போடு, ஆறே இழுத்து வரும். மெகெத்ரே என்ற அதிகாரியின் கல்லறையில் 1920இல் கிடைத்த மரப் பொம்மைப் படகுகளில் இரண்டு விதமும் உண்டு. பின்னால் வரும் சமையல் படகுகூட இருக்கிறது. பெரிய மனிதர் பயணத்தில் பட்டினி கிடப்பாரா?

குமரி: பிரமிடு கற்களைப் பாப்பிரஸ் படகில்தானே கொண்டுவந்தார்கள்?

இல்லை, மரப்படகில். பாப்பிரஸ் என்பது நீரோரம் வளரும் ஒரு கோரை. அதில் கட்டிய கட்டுமரம் மீன் பிடிக்கவும் பறவை வேட்டைக்கும்தான். கொஞ்ச நாளில் தண்ணீர் குடித்துக் கனத்துவிடும். கீசாவின் பெரிய பிரமிடைக் கட்டிய மன்னர் கூஃபு காலத்தில் மெரெர் என்பவர் சுமார் 40 பேரோடு துராவிலிருந்து கீசாவுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போனார். அவருடைய நாட்குறிப்பு 2013இல் செங்கடல் ஓரம் வாடி அல்-ஜர்ஃபில் கிடைத்தது. பத்து நாளில் இரண்டு மூன்று நடை.

தச்சன் மகன்: ஆணி இல்லாமல் கட்டினார்கள் என்கிறார்களே, நம்பலாமா?

தாராளமாக. கீசாவில் 1954இல் கூஃபுவின் கப்பல் ஒரு குழிக்குள் 1,224 துண்டுகளாகக் கிடைத்தது. அகமது யூசுஃப் முஸ்தஃபா பல ஆண்டு பாடுபட்டுப் பொருத்தினார். நீளம் 43 மீட்டருக்கு மேல். லெபனான் தேவதாரு. பலகையின் ஓரத்தில் துளை வெட்டி, மரநாக்கைச் செருகி, அடுத்த பலகையை அதில் மாட்டினார்கள். பிறகு உட்பக்கம் சாய்வாகக் குடைந்த துளைகளில் கயிறு கோத்து இறுக்கினார்கள். துளை வெளிப்பக்கம் வராது, அதனால் அது வழியாக நீர் கசியாது. அடியில் நீளவாக்கில் ஓடும் ஏராக்கட்டை கிடையாது. நம் ஆட்கள் வங்கை, அதாவது விலா எலும்பு போன்ற சட்டங்களை, முதலில் நிறுத்திவிட்டுப் பலகை அடிப்பார்கள். அங்கே பலகைக்கூடு முதலில், வங்கு அப்புறம். கருவி: செம்பு உளி, செம்பு வாய்ச்சி.

தச்சன் மகன்: மன்னிக்கணும். கயிறு தளரும். ஒரு மழைக்காலம் தாங்காது.

உங்கள் தொழில், உங்களுக்குத் தெரியும். ஆனால் மரம் நனைந்தால் பருக்கும், தாவர நாரில் திரித்த கயிறு நனைந்தால் சுருங்கும். இரண்டும் சேர்ந்து பலகை மூட்டுகளை இறுக்கும்.

நெய்தல்: நம் கிழக்குக் கரையின் மசூலாப் படகும் கயிற்றால் தைத்ததுதானே? ஆனால் அடிக்கடி தையல் மாற்ற வேண்டியிருக்கும். தச்சன் மகன் சொல்வதில் பாதி சரி.

பாதி சரிதான். மசூலா அலையில் அடிபடுகிற படகு, நைலில் அந்த அடி இல்லை. கயிற்றை அவிழ்த்தால் பலகைகள் தனித்தனியாக வந்துவிடும் என்பதும் ஒரு வசதி. ஒரு பலகை கெட்டால் அதை மட்டும் மாற்றலாம்.

தச்சன் மகன்: சரி, கூஃபு கப்பல் தண்ணீரில் மிதந்ததா?

சண்டையே அங்கேதான். பலகையில் கயிறு அழுத்திய தடம் இருக்கிறது, நனைந்து இறுகியதால் வந்தது என்கிறது ஒரு தரப்பு. சடங்குக்குக் கட்டிப் புதைத்தது என்கிறது இன்னொன்று. ஒருமுறையாவது மிதந்தது என்பது என் கட்சி.

பாலை: பாப்பிரஸ் படகில் அட்லாண்டிக்கையே கடந்தார்களாமே?

மறுபடி பாப்பிரஸா! 1970இல் நார்வேக்காரர் தோர் ஹெயர்டால் 'ரா 2' படகில் மொராக்கோவிலிருந்து பார்படோஸ் வரை 57 நாளில் போனார். கட்டியவர்கள் பொலிவியாவின் ஐமாரா மக்கள். போக முடியும் என்று காட்டியது, அவ்வளவுதான். எகிப்தியர் போனார்கள் என்று அது காட்டவில்லை.

மருதம்: உள்ளூர் மரம் எது?

கருவேலம். சீமைக்கருவேலம் இல்லை, நம் பழைய நாட்டுக் கருவேலமேதான். நீளப் பலகை வராது. சுமார் இரண்டு முழத் துண்டுகளைச் செங்கல் அடுக்குவதுபோல் சேர்த்தார்கள், இடுக்கில் பாப்பிரஸ் அடைத்தார்கள் என்று கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கிரேக்க வரலாற்றாளர் ஹெரோடோட்டஸ் எழுதினார். ரொம்ப நாள் யாரும் முழுசாக நம்பவில்லை. தோனிஸ்-ஹெராக்ளியோன் என்ற மூழ்கிப்போன எகிப்தியத் துறைமுகத்தின் கடலடியில் கிடைத்த, '17ஆம் கப்பல்' என்று எண்ணிட்ட கப்பல் பெரும்பாலும் அவர் சொன்னபடியே இருக்கிறது. இதைக் கூஃபு கணக்கில் சேர்க்காதீர்கள், நடுவே 2,000 ஆண்டு.

குறிஞ்சி: எகிப்தியருக்குப் படகு கட்டத் தமிழர்தான் கற்றுக்கொடுத்தார்களாமே?

எகிப்தின் செங்கடல் துறைமுகமான பெரெனிகேயில் தமிழ்ப் பிராமி எழுதிய பானை ஓடு கிடைத்தது உண்மை. அது ரோமர் காலம். கூஃபு அதற்கு 2,500 ஆண்டு முந்தியவர். காலத்தைப் பாருங்கள் என்று எத்தனை தடவை சொல்வது?

ஆற்றுமணல்: ஆற்றுப் படகு சரி. செங்கடல் கப்பலுக்கு மரம் எங்கே?

நல்ல கேள்வி. அங்கே மரம் இல்லை. நைல் கரையில் கோப்தோஸில் கப்பலைக் கட்டி, பிரித்து, பாலைவனத்தைக் கடந்து சுமந்துபோய், செங்கடல் கரையில் வாடி கவாசிஸ் துறையில் மறுபடி பொருத்தினார்கள். தெற்கே தொலைவில் இருந்த பூண்ட் நாட்டுக்கான பயணங்கள் அங்கிருந்துதான். சுமார் 3,800 ஆண்டுப் பழைய கயிறுகள் அங்குள்ள குகைகளில் சுருள் சுருளாகக் கிடைத்தன. கூடவே கப்பல் புழு துளைத்த பலகைகளும். தச்சன் மகன், இவை மிதந்தனவா என்று கேட்க வேண்டாம். கடலில் ஓடாத பலகையில் அந்தப் புழு ஏறாது.