குதித்த பிறகும் ஹேண்ட்லருக்குள்தான்

அன்புள்ள அண்ணா,

நான் திருகோணமலை, உப்புவெளி. இங்கே ஒரு ஐஸ் தொழிற்சாலையின் குளிர் அறை வெப்பநிலையைப் பதிவுசெய்ய, ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினி ஒன்றில் சி மொழியில் சின்னப் புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். சென்சர் 5 விநாடிக்கு ஒருமுறை சீரியல் போர்ட்டில் ஒரு வரி அனுப்பும். வயர் கழன்றால் வரியைப் படிக்கும் ரீட் அழைப்பு அப்படியே நின்றுவிடும் என்பதால் 5 விநாடிக்கு அலாரம் வைத்து, அந்தச் சிக்னல் (புரோகிராமை இடைமறிக்கும் அறிவிப்பு) வந்ததும் ஓடும் ஹேண்ட்லர் செயற்கூறிலிருந்து சிக்லோங்ஜம்ப் போட்டு, முன்பே குறித்து வைத்த இடத்துக்கு வெளியே குதிக்கிறேன். வரி வந்தாலும் வராவிட்டாலும் நேரத்தோடு பதிவுக் கோப்பில் எழுதுவேன். எழுதி முடிந்த பிறகு அலாரத்தை நிறுத்துவேன். இரண்டு மூன்று நாள் நன்றாக ஓடும், பிறகு உறைந்துவிடும். ஜிடிபி (பிழை தேடும் கருவி) போட்டுப் பார்த்தால், உள்ளூர் நேரம் தரும் லோக்கல்டைம் செயற்கூறுக்குள் ஒரு பூட்டுக்காக (ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் தகவலைத் தொட விடும் காவல்) காத்து நிற்கிறது. என் புரோகிராமில் ஒரே ஒரு த்ரெட் (ஓட்ட இழை). பூட்டை யார் பிடித்திருக்கிறார்கள்? சிக்லோங்ஜம்பை ஹேண்ட்லருக்குள் கூப்பிடுவது பாதுகாப்பானது என்று மேன் பக்கத்தின் (லினக்ஸ் கையேடு) பட்டியலில் இருக்கிறது. கம்பஸில் ஒரு சீனியர் அண்ணா, ஹேண்ட்லரிலிருந்து குதிக்கவே கூடாது என்கிறார். எது சரி?

அன்புடன், ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

பூட்டைப் பிடித்திருப்பது உங்கள் புரோகிராமேதான். பிடித்துக்கொண்டே குதித்துவிட்டது.

நடந்ததை மெதுவாக ஓட்டிப் பார்ப்போம். வரி வருகிறது. நேரம் எழுத லோக்கல்டைமைக் கூப்பிடுகிறீர்கள். அது உள்ளே நேரவலயத் தகவலைக் காக்கும் பூட்டைப் போடுகிறது. நேரவலயத்தைச் சொல்லும் டிஇசட் சூழல் மாறி வைக்கப்படாவிட்டால், நேரவலயக் கோப்பு மாறியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் கேர்னலிடம் (இயங்குதளத்தின் உள்மையம்) கேட்டும் பார்க்கிறது. அந்த நேரம் முழுக்கப் பூட்டு போட்டபடியே இருக்கும். சென்சருக்கும் 5 விநாடி, அலாரத்துக்கும் 5 விநாடி. இரண்டும் எப்போதும் பக்கத்தில் பக்கத்தில்தான் ஓடுகின்றன. என்றாவது ஒருநாள் அலாரம் சரியாகப் பூட்டுக்குள் வந்து விழுகிறது. ஹேண்ட்லர் குதிக்கிறது. லோக்கல்டைமின் மிச்சப் பாதி, அதாவது பூட்டைத் திறக்கும் பாதி, இனி ஓடவே ஓடாது. 'பதில் இல்லை' என்று எழுத மறுபடி லோக்கல்டைமைக் கூப்பிடுகிறீர்கள், தானே போட்ட பூட்டின் முன்னால் அது காலமெல்லாம் காத்து நிற்கிறது.

நான் திருக்கடலூர்க் கரையில் வளர்ந்தவன். கரைவலை இழுப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இரண்டு பக்கக் கயிற்றிலும் ஆட்கள், அம்பா பாடி ஒரே தாளத்தில் இழுப்பார்கள். நடுவில் ஒருவருக்கு போன் வந்தால் என்ன செய்வார்? 'பிறகு எடுக்கிறேன்' என்று மனதில் வைத்துக்கொண்டு மடி கரைக்கு வரும்வரை இழுப்பார். கயிற்றைப் போட்டுவிட்டு ஓடினால் வலை ஒரு பக்கம் சரியும், மீன் போய்விடும். ஓடியவர் திரும்பி வந்தாலும் அவர் விட்ட இடத்தில் கயிறு இருக்காது. சிக்னல் வருவது போன் வருவது மாதிரி. ஹேண்ட்லருக்குள் ஒரு கொடியை ('சிக்னல் வந்தது' என்று நினைவூட்டும் மாறி) 1 ஆக்கிவிட்டுத் திரும்புவது முதல் ஆள் செய்வது. குதிப்பது கயிற்றைப் போடுவது.

சரி, மேன் பக்கத்துக்கு வருவோம். நீங்கள் பார்த்த பட்டியல் உண்மை. யுனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான தரநிலையான போசிக்ஸில் 2016இல் வந்த திருத்தத்தில்தான் லோங்ஜம்பும் சிக்லோங்ஜம்பும் அதில் சேர்ந்தன. ஆனால் பக்கத்திலேயே 'கீழே குறிப்பைப் பார்க்கவும்' என்றும் இருக்கிறது. அந்தக் குறிப்பு சொல்வது இதுதான்: பாதுகாப்பில்லாத (ஹேண்ட்லருக்குள் கூப்பிடக் கூடாத) ஒரு செயற்கூறை சிக்னல் இடைமறித்து, நீங்கள் ஹேண்ட்லரிலிருந்து குதித்து, அதன்பிறகு பாதுகாப்பில்லாத இன்னொரு செயற்கூறைக் கூப்பிட்டால், என்ன நடக்கும் என்பதற்கு உத்தரவாதமே இல்லை. நான் அதை இப்படித்தான் மனதில் வைத்திருக்கிறேன்: குதித்த பிறகும் நீங்கள் ஹேண்ட்லருக்குள்தான் இருக்கிறீர்கள். ஹேண்ட்லருக்குள் எழுத்தை வெளியிடும் பிரின்ட்எஃப், மெமரி வாங்கும் மாலோக், லோக்கல்டைம் எதையும் தொடக்கூடாது என்ற விதி உங்களோடு சேர்ந்தே குதித்து வருகிறது. குதிக்கும் செயற்கூறில் பிழை கிடையாது. எதை இடைமறித்தோம் என்று தெரியாமல் குதிப்பதில்தான் பிழை.

இது சின்ன விசயம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2024 ஜூலையில் குவாலிஸ் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையப் பயன்படும் ஓப்பன்எஸ்எஸ்எச்சில் கண்டு வெளியிட்ட ஓட்டையின் வேர் இதே இடத்தில்தான் இருந்தது. உள்நுழையாமல் ஒருவர் 120 விநாடி காத்திருந்தால் அலாரம் சிக்னல் வரும். அதன் ஹேண்ட்லர் பதிவு எழுதும் சிஸ்லொக்கைக் கூப்பிடும், அதற்குள் மாலோக் ஓடும். ஏற்கெனவே மாலோக்கின் நடுவில் சிக்னல் வந்திருந்தால் மெமரிக் கணக்கு அரைகுறையாகக் கிடக்கும். அதை வைத்து, கடவுச்சொல்லே இல்லாமல் ரூட் (முழு நிர்வாக) அதிகாரம் எடுக்கலாம் என்று அவர்கள் காட்டினார்கள். 2006இல் ஒருமுறை அடைத்த ஓட்டை அது, 2020இல் செய்த ஒரு மாற்றத்தில் தெரியாமல் திறந்துவிட்டது. எவ்வளவு கவனமாக எழுதுபவர்கள் அவர்கள்! அங்கே குதித்தல் இல்லை. ஆனால் பாதியில் நின்ற செயற்கூறின் மேல் இன்னொன்றை ஓட்டியதுதான் அங்கும் நடந்தது.

அதற்காகக் குதிப்பவர்களை முட்டாள்கள் என்று சொல்ல மாட்டேன். கொடி வைக்கும் முறையில் ஒரு சந்து இருக்கிறது. கொடியைச் சோதித்துவிட்டு ரீடுக்குள் நுழையும் முன் அந்த நுண்ணிய இடைவெளியில் சிக்னல் வந்தால், கொடி 1 ஆகும், ரீட் அதை அறியாமல் உட்கார்ந்துவிடும். அந்தச் சந்தை அடைக்கத்தான் குதித்தார்கள். ரீட் பாதுகாப்பான பட்டியலில் இருப்பது, அதனால் ரீடைச் சுற்றி மட்டும் 'இப்போது குதிக்கலாம்' என்று ஒரு கொடியைத் திறந்து மூடினால் பூட்டுத் தொல்லை வராது. ஆனாலும் ரீட் பைட்டுகளை எடுத்து முடித்து, எத்தனை என்ற எண்ணை மாறியில் போடுவதற்குள் குதித்துவிட்டால் அந்த வரி போனதுதான். குளிர் அறைக் கணக்கில் அப்படி ஒரு வரி தொலைவதை நான் ஏற்க மாட்டேன்.

உங்கள் வேலைக்கு சிக்னலே வேண்டாம். தரவு வரும்வரை குறித்த நேரம் மட்டும் காத்திருக்கும் 'போல்' (poll) என்ற அழைப்பில் 5000 மில்லி விநாடி கொடுங்கள். தரவு வந்தால் ரீட், பூச்சியம் திரும்பினால் 'பதில் இல்லை'. அவ்வளவுதான். புரோகிராமை ஒழுங்காக நிறுத்த சிக்டேர்ம் (முடித்துக்கொள்ளச் சொல்லும் சிக்னல்) பிடிக்க வேண்டுமென்றால், சிக்னலைத் தடுத்து வைத்து, போலின் இன்னொரு வடிவமான பிபோலுக்குள் (ppoll) மட்டும் திறந்துவிடுங்கள், முன்னால் சொன்ன சந்து அதில் அடைபடும். லினக்ஸ் மட்டும் போதுமென்றால் சிக்னல்எஃப்டி இருக்கிறது. சிக்னலையே ஒரு கோப்பு மாதிரிப் படிக்கலாம்.

உங்கள் சீனியர் சொன்ன 'குதிக்கவே கூடாது' என்பதும் முழு உண்மை இல்லை. எம்மேப் செய்த, அதாவது மெமரி போலவே படிக்கும்படி இணைத்த, கோப்பை வேறொருவர் சுருக்கிவிட்டார் என்று வையுங்கள். இல்லாமல் போன மெமரிப் பக்கத்தைத் தொட்டதும் சிக்பஸ் என்ற சிக்னல் வரும். ஹேண்ட்லரிலிருந்து சும்மா திரும்பினால் அதே கட்டளை மறுபடி ஓடும், மறுபடி சிக்பஸ், முடிவே இல்லை. அங்கே குதிப்பதுதான் வழி. அங்கே ஏன் சரி? சிக்னல் எந்த நேரத்திலும் வருவதில்லை, நீங்களே எழுதிய, பூட்டும் மாலோக்கும் இல்லாத அந்த நகலெடுக்கும் லூப்பிலிருந்து மட்டும் வருகிறது. வேறிடத்திலிருந்து வந்தால் குதிக்காமல் புரோகிராமைச் சாகவிடுங்கள். குதித்து வந்து சேரும் இடத்தைக் குறிக்கும் சிக்செட்ஜம்பின் இரண்டாவது மதிப்பை 1 என்று கொடுங்கள், குதிக்கும்போது தடுப்பு நிலையும் பழையபடி திரும்பும். நான் தொடக்க காலத்தில் வெறும் செட்ஜம்ப் போட்டு, கன்ட்ரோல் சி முதல்முறை வேலைசெய்து இரண்டாம்முறை செத்துக் கிடந்ததைப் பார்த்து ஓர் இரவு முழுக்க விழித்திருக்கிறேன். ஹேண்ட்லர் ஓடும்போது தடுத்து வைத்த சிக்னலை யாரும் திரும்பத் திறக்கவில்லை, அதுதான் காரணம். அப்புறம், செட்ஜம்புக்குப் பிறகு மாற்றிய உள் மாறிகளைக் குதித்த பின்னும் படிக்க வேண்டுமென்றால் வொலட்டைல் என்று அறிவியுங்கள். சி பிளஸ் பிளஸ் என்றால் டிஸ்ட்ரக்டர்களை (பொருள் முடியும்போது சுத்தம் செய்யும் செயற்கூறுகள்) தாண்டிக் குதிக்கவே வேண்டாம்.

பழைய புரோகிராமை அழித்துவிடாதீர்கள். அதை ஓடவிட்டு, இன்னொரு டெர்மினலிலிருந்து கில் கட்டளையால் அலாரம் சிக்னலை ஒரு லூப்பில் ஆயிரக்கணக்கில் அனுப்புங்கள். மூன்று நாள் காத்திருக்கத் தேவையில்லை, சீக்கிரமே உறையும். ஜிடிபியில் அழைப்பு அடுக்கை (எது எதைக் கூப்பிட்டது என்ற வரிசை) பார்த்து, இந்தமுறை எங்கே நின்றது என்று எனக்கு எழுதுங்கள். லோக்கல்டைமிலா, வேறெங்காவதா என்று அறிய எனக்கும் ஆவல்.

அன்புடன்,
அண்ணா