வீடு உங்களுக்கு, சேமிப்பு அவருக்கு: சரிதானா?

கேள்வி: கல்யாணமாகி 16 வருடம். பேசிப் பிரிவதென்று முடிவாகிவிட்டது. "வீட்டை நீ வைத்துக்கொள், சேமிப்பும் ஓய்வூதிய நிதியும் எனக்கு" என்கிறார் கணவர். பத்து வருடமாக நான் வேலைக்குப் போகவில்லை. சம்பாதித்தது அவர்தானே என்பதால் கேட்கத் தயக்கம். அவர் எழுதிக் கொண்டுவந்த தாளில் கையெழுத்துப் போட்டுத் தொலைத்தால் நிம்மதி என்று தோன்றுகிறது. போடலாமா?

பதில்: இப்போது போடாதீர்கள், சகோதரி. உங்கள் களைப்பு புரிகிறது. ஆனால் ஒருமுறை முடிந்துபோன சொத்துப் பங்கீட்டை மறுபடி திறப்பது மிகவும் கடினம்.

முதலில் அந்தத் தயக்கம். நீங்கள் வீட்டைப் பார்த்துக்கொண்டதால்தான் அவரால் முழுநேரமும் வேலை பார்க்க முடிந்தது. 2000-இல், அப்போது இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை, ஒயிட் தம்பதியின் விவாகரத்து வழக்கில், சம்பாதித்தவருக்கும் வீட்டைக் கவனித்தவருக்கும் இடையே பாகுபாடு கூடாது என்றே சொன்னது. நீங்கள் கேட்பது சலுகை இல்லை.

சரி, வீட்டுக்கு வருவோம். இன்றைய விலை 100, கடன் பாக்கி 40 என்று வைத்துக்கொண்டால் உங்கள் கைக்கு வருவது 60தான். விற்றால் அதிலும் செலவு போகும். விற்காவிட்டால் தவணை, வரி, ஒழுகும் கூரை எல்லாம் மாத வருமானம் இல்லாத உங்கள் தலையில். அவரிடம் போகும் சேமிப்பும் அதே 60 என்று வைத்துக்கொண்டால், அந்த ரொக்கமோ வட்டி போட்டுக்கொண்டிருக்கும். தாளில் சமமாகத் தெரிவது வாழ்க்கையில் சமம் இல்லை. ஓய்வூதிய நிதியில் இன்று எவ்வளவு இருக்கிறது, அதில் இந்த 16 வருடத்தில் சேர்ந்தது எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். பலர் இதைக் கேட்க மறந்துவிடுகிறார்கள். வீட்டுக்கு அடுத்த பெரிய சொத்து பல குடும்பங்களில் இதுதான்.

கடன் இருவர் பெயரிலும் இருக்கிறதா? யார் கட்டுவது என்று நீங்கள் இருவரும் எழுதிக்கொள்வது வங்கியைக் கட்டுப்படுத்தாது. ஒருவர் தவறினால் இன்னொருவரைத்தான் பிடிப்பார்கள். வங்கியிலேயே பெயரை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் கடனை முடிக்க வேண்டும்.

அப்புறம், மூன்று வருட வங்கிக் கணக்கு விவரத்தை இருவரும் மாற்றிக்கொள்ளுங்கள். வரி வரியாகப் படியுங்கள். வருடாவருடம் ஒரே தேதியில் ஒரே தொகை கழிந்திருந்தால், அது யாரும் சொல்லாத ஒரு காப்பீட்டுப் பாலிசியின் பிரீமியமாக இருக்கலாம். அதுவும் பட்டியலில் வர வேண்டும்.

மாதாமாதம் பணம் தருவதாகச் சொன்னால், அவருக்கு ஏதாவது ஆனால் என்ன வழி என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள். அவர் பெயரில் ஓர் ஆயுள் காப்பீடு எடுத்து உங்களுக்கு உரிமை எழுதச் சொல்வது நியாயமான கோரிக்கைதான். பேசி முடித்தது எதுவானாலும் நீதிமன்ற உத்தரவில் இடம்பெற வேண்டும்.

அவரிடம் கோபமாகப் பேச வேண்டியதில்லை. "என் வக்கீலிடம் காட்டிவிட்டுத் தருகிறேன்" என்று சொல்லித் தாளை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்த வக்கீல் உங்களுக்கென்று தனியாக இருக்கட்டும். தாளை எழுதிக் கொடுத்தவரே இருவருக்கும் பொதுவாக இருந்துவிடலாம் என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.