லட்சம் தாண்டிய காரும் மைலேஜும்: கேள்வி பதில்

பழைய கார் பெட்ரோலைக் குடிக்கிறது என்ற புலம்பல்தான் இந்த முறை அதிகம். காரைக்குடி வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றை ஒன்றாக்கிவிட்டு மற்றவற்றுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். என் கட்சி எதுவென்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மைலேஜ் குறைந்ததும் எல்லோரும் இன்ஜினைத்தான் சந்தேகப்படுகிறார்கள். வெளியே இருக்கும் சில்லறைக் கோளாறுகளைப் பார்த்து முடிக்கும்வரை இன்ஜினில் யாரையும் கை வைக்க விடாதீர்கள்.

பள்ளத்தூர். மாருதி 800, 2006 மாடல், 1,30,000 கி.மீ. "அண்ணே, முன்பெல்லாம் 18 கொடுத்த வண்டி இப்போது 12தான் கொடுக்கிறது. வாரா வாரம் 500 ரூபாய்க்குப் போடுகிறேன். முள் சீக்கிரமே இறங்கிவிடுகிறது."

12 என்பது எப்படித் தெரிந்தது? முள்ளைப் பார்த்துச் சொன்ன கணக்கு என்றால் அதைத் தள்ளி வையுங்கள். டேங்குக்குள் இருக்கும் மிதவை பழசானால் அதன் போக்கில்தான் காட்டும். 500 ரூபாய்க்குப் போட்டு அளப்பதும் சரிவராது, ஏனென்றால் போடுவதற்கு முன்னால் டேங்கில் எவ்வளவு இருந்தது என்பது தெரியாது.

ஒரு பங்க்கில் ஆட்டோ கட் ஆகும்வரை நிரப்புங்கள். அதற்கு மேல் பையன் குலுக்கிக் குலுக்கி ஊற்ற வேண்டாம். மீட்டரைக் குறித்துக்கொண்டு வழக்கம்போல ஓட்டுங்கள். அப்புறம் அதே பங்க்கில் மறுபடியும் கட் ஆகும்வரை நிரப்பிப் பில்லை வாங்குங்கள். 320 கிலோமீட்டர் ஓடி 21 லிட்டர் பிடித்தால் லிட்டருக்கு 15. இதைத் தொடர்ந்து மூன்று டேங்குக்குச் செய்து சராசரி பாருங்கள். டயர் மாற்றியபோது கம்பெனி சைஸை விடப் பெரியது போட்டீர்களா என்றும் பாருங்கள். பெரிய டயர் என்றால் மீட்டர் குறைத்துத்தான் காட்டும், மைலேஜும் குறைந்ததாகத் தெரியும். வண்டியில் ஒரு கோளாறும் இருக்காது.

உண்மையிலேயே 12 என்று வந்தால் அடுத்த பதிலைப் படியுங்கள்.

தேவகோட்டை. வேகன் ஆர், 1,60,000 கி.மீ. "போன கோடையில் இன்ஜின் சூடாகிறது என்று பட்டறையில் விட்டேன். சூடு நின்றுவிட்டது. அதிலிருந்து மைலேஜ் மூன்று கிலோமீட்டர் குறைந்துவிட்டது. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்குமா?"

இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். பெரும்பாலும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றியிருப்பார்கள். நம் பக்கத்துப் பட்டறைகளில் இது பழைய வைத்தியம். "நம்ம வெயிலுக்கு இது எதுக்கு சார்" என்று சொல்லித் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

இன்ஜின் ஏறக்குறைய 80 டிகிரியைத் தாண்டும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் அடைத்து வைப்பதுதான் அந்த வால்வின் வேலை. அது இல்லாவிட்டால் சாவி போட்ட நிமிடத்திலிருந்தே தண்ணீர் ரேடியேட்டரைச் சுற்றி வரும், இன்ஜின் சூடேறவே நேரமாகும். நெடுஞ்சாலையில் காற்று அடிக்கும்போது சூடு இன்னும் இறங்கும். இன்ஜின் கம்ப்யூட்டருக்கு உங்கள் ஊர் வெயில் தெரியாது, தண்ணீரில் இருக்கும் சென்சார் சொல்வதுதான் அதற்கு வேதம். இன்ஜின் இன்னும் குளிர்ச்சியாக இருப்பதாக நினைத்துக்கொண்டு கூடுதல் பெட்ரோலைத் தெளித்துக்கொண்டே இருக்கும். ஆயிலும் முழுதாக இளகாமல் கனமாகவே ஓடும்.

வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்துவிட்டு, விசிறி, பெல்ட் பக்கம் கை போகாமல், ரேடியேட்டருக்கு மேலே வரும் தடித்த ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். வால்வு இருந்தால் சில நிமிடம் ஹோஸ் குளிர்ச்சியாகவே இருந்து, பிறகு சட்டென்று சூடாகும். ஆரம்பத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக வெதுவெதுப்பு ஏறினால் வால்வு இல்லை, அல்லது திறந்தபடி சிக்கிக்கொண்டிருக்கிறது. ரேடியேட்டர் மூடியை மட்டும் சூட்டில் திறந்துவிடாதீர்கள்.

புது வால்வு சில நூறு ரூபாய்தான். ஆனால் அதை மட்டும் போட்டால் பழைய சூடு திரும்பி வரும், ஏனென்றால் முதலில் சூடானதற்குக் காரணம் வேறு. போர் தண்ணீரை ஊற்றி ஊற்றி ரேடியேட்டர் குழாய்களில் உப்புப் படிந்திருக்கும். ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, விசிறி நேரத்துக்குச் சுற்றுகிறதா என்று பார்த்து, கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி ஊற்றுங்கள். வால்வைக் கடைசியாக மாட்டுங்கள்.

கானாடுகாத்தான். "நான் இருப்பது சென்னையில். அப்பச்சி வாங்கிய கார் ஊர் வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது. பிள்ளையார் நோன்பு, கல்யாணம், படைப்பு என்று வரும்போதுதான் எடுப்போம். ஓடியது 90,000தான். ஆனால் லிட்டருக்கு 9 கூடத் தருவதில்லை. வாட்ச்மேன் வாரம் ஒரு முறை பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைக்கிறார்."

இங்கே ஓடியதை விட நின்றதுதான் வண்டியைக் கெடுத்திருக்கிறது. எனக்கு முதல் சந்தேகம் பிரேக் மேல். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் பிரேக் பேடைப் பிடித்திருக்கும் கேலிப்பரின் பின்கள் துருப்பிடித்து இறுகிவிடும். பெடலை விட்டாலும் பேட் டிஸ்க்கை விடாது. பின்பக்கம் ஹேண்ட் பிரேக் கேபிளும் இதே கதைதான். வண்டி பிரேக்கை இழுத்துக்கொண்டே ஓடும், ஓட்டுகிறவருக்கோ "பிக்கப் இல்லை" என்று மட்டும் தெரியும்.

பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, கடைசியில் பிரேக்கை அதிகம் மிதிக்காமல் தானாக உருண்டு நிற்க விடுங்கள். இறங்கி நான்கு சக்கரத்தின் பிரேக்குக்கும் அருகில் உள்ளங்கையைக் கொண்டுபோங்கள். தொட வேண்டாம், சுட்டுவிடும். இடதும் வலதும் ஒரே அளவு சூடாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் அனலடித்தால் பிடித்துக்கொண்டிருப்பது அதுதான். பிறகு ஆறவிட்டு, சமதரையில் ஜாக்கி போட்டு, நியூட்ரலில் கையால் சுற்றிப் பாருங்கள். லேசாக உரசிக்கொண்டு சில சுற்று வந்தால் சரி. தள்ளிய இடத்திலேயே நின்றால், பின்களைக் கழற்றிச் சுத்தம் செய்து, பிரேக்குக்கென்று உள்ள கிரீஸ் போட்டு மாட்டச் சொல்லுங்கள். இன்ஜினோடு இணைந்த சக்கரத்தைச் சுற்றும்போது கொஞ்சம் கனமாகத்தான் இருக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம்.

வாட்ச்மேன் நல்லதென்று செய்வதுதான் கெடுதல். பத்து நிமிடத்தில் ஆயில் சூடாகாது, உள்ளே நீர்தான் சேரும். அதற்குப் பதில் ஓட்டத் தெரிந்த ஒருவரை மாதம் இரண்டு முறை காரைக்குடி வரை போய் வரச் சொல்லுங்கள். பிரேக், டயர், பேட்டரி மூன்றுக்கும் அது போதும். நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் வேண்டாம். கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வைத்தால் போதும். டேங்க் காலியாக நிற்பதும் கூடாது. இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் ஈரத்தை இழுக்கும். டேங்க்கில் காற்று இருக்கும் இடம் குறைந்தால் ஈரமும் குறையும். அடுத்த தடவை வந்ததும் பழைய பெட்ரோலோடு புதிதாகப் போட்டு ஓட்டித் தீர்த்துவிடுங்கள்.

கோட்டையூர். "20 சதவீத எத்தனால் பெட்ரோல்தான் என் மைலேஜ் பாதியானதற்குக் காரணம் என்கிறார்கள். நிஜமா?"

கொஞ்சம் நிஜம், பாதி என்பது பொய். எத்தனாலில் ஒரு லிட்டருக்கு உள்ள சக்தி பெட்ரோலை விட மூன்றில் ஒரு பங்கு குறைவு. 20 சதவீதம் கலந்தால் கணக்குப்படி 6, 7 சதவீதம் குறைய வேண்டும். லிட்டருக்கு 15 கொடுத்த வண்டி 14 கொடுக்கும். அதற்கு மேல் குறைந்ததெல்லாம் உங்கள் வண்டியின் கணக்கு, எத்தனால் தலையில் கட்டாதீர்கள். பழைய வண்டிக்கு மைலேஜை விடக் கவலை வேறொன்று உண்டு. ரப்பர் ஹோஸ், கேஸ்கெட் எல்லாம் இந்தக் கலவைக்காகச் செய்யப்பட்டவை அல்ல. சர்வீசுக்கு விடும்போது பெட்ரோல் ஹோஸை வளைத்துப் பார்த்து, வெடிப்பு தெரிந்தால் மாற்றச் சொல்லுங்கள். பெட்ரோல் வாசனை வந்தால் அன்றைக்கே பாருங்கள்.

திருப்பத்தூர். ஸ்விஃப்ட் டீசல், 2,10,000 கி.மீ. "மிதித்தால் கரும்புகை, இழுவை இல்லை, மைலேஜ் 20லிருந்து 14. இன்ஜெக்டர் நான்கையும் மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். பெரிய தொகை."

தம்பி, ஒரு நாள் பொறுங்கள். டீசலில் கரும்புகை என்றால் டீசல் அதிகம், அல்லது காற்று குறைவு. காற்றுப் பக்கம் சோதிக்கச் செலவே இல்லை. முதலில் ஏர் ஃபில்டர். நம் செம்மண் ரோட்டில் ஓடும் வண்டிக்குப் புத்தகத்தில் போட்ட இடைவெளி ஆகாது. அடுத்து, காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் ஹோஸ். மேலே நன்றாக இருக்கும், கீழ்ப்பக்கம் விரிந்திருக்கும். டார்ச் அடித்து அடிப்பக்கத்தைத் தடவுங்கள். அந்த ஹோஸுக்குள் லேசான ஆயில் ஈரம் இருப்பது வழக்கம், விரிசல் வழியாக அது வெளியே கசியும், அதன்மேல் புழுதி ஒட்டும். செம்மண் கருப்பாக அப்பிக்கொண்டிருக்கும் இடம்தான் ஓட்டை. அதற்குப் பிறகு, புகையில் ஒரு பங்கை இன்ஜினுக்கே திருப்பிவிடும் இஜிஆர் வால்வில் கரி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

இவை மூன்றும் சரியாக இருந்தால்தான் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர். அப்போதும் நான்கையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றாதீர்கள். ஒவ்வொன்றிலிருந்தும் எவ்வளவு டீசல் திரும்பி வழிகிறது என்று குப்பி வைத்து அளக்கும் ரிட்டர்ன் டெஸ்ட் உண்டு. எது அதிகம் வழிகிறதோ அதைக் கழற்றி டீசல் பம்ப் சர்வீஸ் கடையில் கொடுங்கள்.

காரைக்குடி. "தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் எடுத்து இன்ஜினுக்குக் கொடுக்கும் கிட் விற்கிறார்கள். 30 சதவீதம் மிச்சமாம். பெட்ரோல் பைப்பில் மாட்டும் காந்தமும் இருக்கிறதாம்."

சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கும் ஊரில் உட்கார்ந்துகொண்டு இதைக் கேட்கலாமா! தண்ணீரைப் பிரிக்க மின்சாரம் வேண்டும். மின்சாரம் ஆல்டர்னேட்டரிலிருந்து, ஆல்டர்னேட்டர் சுற்றுவது இன்ஜினில், இன்ஜின் ஓடுவது உங்கள் பெட்ரோலில். பிரித்த ஹைட்ரஜனை எரித்தால் செலவழித்ததை விடக் குறைவாகத்தான் திரும்பக் கிடைக்கும். காந்தத்தை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள்.

புதுவயல். "நைட்ரஜன் காற்று அடித்தால் மைலேஜ் கூடுமா?"

கூடாது. சரியான அளவு காற்று இருந்தால் கூடும். அது எந்தக் காற்றாக இருந்தாலும் சரி. டிரைவர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவைக் காலையில், வண்டி ஓடுவதற்கு முன் வையுங்கள்.

தேவகோட்டை ஆச்சி ஒருவர். "வண்டியை டிரைவர்தான் எடுக்கிறார். மாதாமாதம் பெட்ரோல் செலவு ஏறுகிறது. அவரைச் சந்தேகப்படவும் மனசு வரவில்லை."

ஆச்சி, சந்தேகப்பட வேண்டாம், கேட்டுப் பாருங்கள். கல்யாண மண்டபத்து வாசலில் நீங்கள் வரும்வரை ஏசி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரா? சின்னக் கார்கூட ஏசியோடு நின்ற இடத்தில் ஓடினால் ஒரு மணி நேரத்துக்கு முக்கால் லிட்டர், ஒரு லிட்டர் வரை போகும். முகூர்த்தம், சாப்பாடு, பேச்சு என்று மூன்று மணி நேரம் ஆனால் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அவருக்கு நிழலில் ஒரு நாற்காலி போடச் சொல்லிவிடுங்கள். சீர் சாமான் ஏற்றுவதற்காக மாட்டிய மேல் கேரியர் இன்னும் வண்டியில் இருந்தால் அதையும் கழற்றிவிடச் சொல்லுங்கள்.

சிங்கம்புணரி. "இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் மிச்சம் என்று சொல்லிக் கொடுத்தார்கள். மதுரை போகும்போது ஏசியை அணைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்கிக்கொள்கிறேன்."

நியூட்ரல் வித்தை கார்புரேட்டர் காலத்தோடு போயிற்று. ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் கியரிலேயே ஆக்சிலேட்டரை விட்டால், வேகம் இருக்கும்வரை பெட்ரோல் வருவதே நின்றுவிடும். நியூட்ரலில் போட்டால் இன்ஜின் அணையாமலிருக்க அது பெட்ரோலைக் கேட்கும். சாவியை அணைத்துவிட்டு உருட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். பெடலை இலகுவாக்கும் பிரேக் பூஸ்டர் போய்விடும், தயவுசெய்து வேண்டாம்.

ஏசி விஷயத்தில், ஊருக்குள் மெதுவாகப் போகும்போது கண்ணாடியை இறக்குவது மிச்சம்தான். மேலூர் தாண்டி நான்கு வழிச் சாலையில் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசி போட்டுக்கொள்ளுங்கள். அங்கே மிச்சம் பிடிக்க வேண்டியது வேகத்தில். 80ல் போவதை விட 100ல் போனால் காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல்.

பொன்னமராவதி. சான்ட்ரோ, 1,85,000 கி.மீ. "எல்லாம் பார்த்தாயிற்று. லிட்டருக்கு 12. இன்ஜின் வேலை பார்த்தால் 14 வரும் என்கிறார்கள். 40,000 ரூபாய் கேட்கிறார்கள். பார்க்கலாமா? மாதம் 800 கி.மீ. ஓட்டுவேன்."

800 கிலோமீட்டருக்கு 12 என்றால் சுமார் 67 லிட்டர், 14 என்றால் 57. லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் மாதம் மிச்சம் 950 ரூபாய். போட்ட பணம் திரும்ப மூன்றரை வருடம் ஆகும். மைலேஜுக்காக மட்டும் என்றால் வேண்டாம். ஆயில் குறைகிறது, நீலப்புகை வருகிறது என்றால் அது வேறு பேச்சு.

முடிவு எடுக்குமுன் இரண்டு வேலை. நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, எந்த சிலிண்டருடையது என்று வரிசை மாறாமல் வையுங்கள். நுனி வெளிர் பழுப்பாக இருந்தால் நல்லது. நான்கும் வறண்ட கரியாக இருந்தால் பெட்ரோல் அதிகம் வருகிறது, புகைக்குழாயில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சாரைச் சோதிக்கச் சொல்லுங்கள். இவ்வளவு ஓடிய வண்டியில் அது மந்தமாவது சகஜம். ஒன்று மட்டும் ஆயில் ஈரமாக இருந்தால் கோளாறு அந்த சிலிண்டரில். பிளக் வெளியே இருக்கும்போதே, ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் பிடிக்கிறது என்று அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட்டும் எடுத்துவிடலாம். நான்கு எண்களும் கம்பெனி சொன்ன அளவுக்குக் குறையாமல் பக்கத்துப் பக்கத்தில் வந்தால் இன்ஜின் இன்னும் ஓடும். ஒன்று மட்டும் கீழே கிடந்தால் அந்தத் துளையில் ஒரு சின்ன ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். எண் ஏறினால் பிஸ்டன் ரிங், ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு. வால்வு என்றால் ஹெட்டை மட்டும் கழற்றி முடிக்கலாம், 40,000 ஆகாது.

வாயால் "கம்ப்ரஷன் போச்சு" என்று சொன்னால் ஏற்காதீர்கள். நான்கு எண்களையும் எழுதி வாங்கி, ஆயில் விடுவதற்கு முன், பின் என்று குறித்து அனுப்புங்கள். பார்த்துச் சொல்கிறேன்.