படத்தை மறைத்தால் – கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்களுக்குத் தேன்கனிக்கோட்டைப் பக்கம். வீட்டில் தெலுங்கு. மகள் இரண்டாம் வகுப்பு, தமிழ்வழி. பட அட்டையைக் காட்டினால் பட்டென்று பெயர் சொல்கிறாள். படத்தைக் கையால் மறைத்தால் அதே சொல்லை எழுத்து எழுத்தாக இழுக்கிறாள். கவனக்குறைவா, வேறு கோளாறா?

ஒரு தாய்

அன்புள்ள அம்மா,

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இரண்டும் இல்லை. வாசிக்கப் பழகும் வயதில் படம்தான் முந்தும். நன்றாகப் பழகியவர்களுக்கு இது தலைகீழ்: படத்தைப் பார்த்துப் பெயர் சொல்வதைவிட அச்சடித்த சொல்லை வாய்விட்டு வாசிப்பதே வேகம். உளவியலாளர் ஜேம்ஸ் மெக்கீன் கேட்டெல் 1886-லேயே இதை அளந்து எழுதியிருக்கிறார். படம் என்றால் இன்னதென்று புரிந்து, பிறகு பெயரைத் தேடி எடுக்க வேண்டும். எழுத்தில் ஒலி கையோடு கிடைக்கிறது. உங்கள் மகளுக்கு அந்த வழி இன்னும் பழகவில்லை, அவ்வளவுதான்.

அதிலும் தமிழ் எழுத்து லேசுப்பட்டதா? 'கொடி' என்பதில் கண்ணில் முதலில் படுவது கொம்பு. அடுத்து க, அப்புறம் கால். மூன்றையும் ஒன்றாகப் பிடித்தால்தான் 'கொ'. காலைக் கவனிக்காமல் 'கெடி' என்று ஓடும் பிள்ளைகள் உண்டு. இழுத்து வாசிக்கிறவள் எழுத்தைக் கூட்டித்தான் பார்க்கிறாள். அதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன்.

எனக்குப் புகார் அந்த அட்டை மேல்தான். படமும் சொல்லும் ஒரே பக்கத்தில் இருந்தால் எந்தக் குழந்தை எழுத்தைப் பார்க்கும்? உங்கள் வீட்டில் இலைப் படத்தைக் கண்டதும் தெலுங்கில் 'ஆகு' என்றுதான் முதலில் வாயில் வரும். படம் சரியாகவே புரிந்திருக்கிறது, ஆனால் 'இ'-க்கு அதனால் ஒரு லாபமும் இல்லை. சொல்லை முன்பக்கமும் படத்தைப் பின்பக்கமும் ஒட்டுங்கள். வாசித்துவிட்டு அவளே திருப்பிச் சரிபார்க்கட்டும். எத்தனை நொடியில் வாசிக்கிறாள் என்று செல்போனில் நேரம் குறிக்கிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று, இது விளையாட்டுக்கு. சிவப்புக் கிரேயானால் 'பச்சை' என்று எழுதி, எந்த நிறத்தில் எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். இப்போது 'சிவப்பு' என்று சுலபமாகச் சொல்லிவிடக்கூடும். வாசிப்பு ஊறிய பிறகு தடுமாறுவாள், ஏனென்றால் எழுத்தை வாசிக்காமல் இருக்க முடியாது. உளவியலாளர் ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் 1935-ல் பெரியவர்களிடம் கண்ட தடுமாற்றம் இது. அது வந்தால் சந்தோஷப்படுங்கள்.

தமிழ்நாடு அரசு 2022-ல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டமே எட்டு வயதுக்குள் அடிப்படை வாசிப்பு வரட்டும் என்றுதான் இலக்கு வைத்தது. அவகாசம் இருக்கிறது. கண் பரிசோதனையை மட்டும் இப்போதே முடித்துவிடுங்கள். அரையாண்டுக்குப் பிறகும் தெரிந்த எழுத்துகளே குழம்பினால் வகுப்பாசிரியரிடம் பேசுங்கள்.