அறுவடை மாதத்தில் அலர்ட் குவிகிறதா? சின்ன வங்கி எங்கே செலவைக் குறைக்கலாம், எங்கே கை வைக்கக் கூடாது

கேள்வி: கும்பகோணம் பக்கம் ஆறு கிளைகள் உள்ள நகரக் கூட்டுறவு வங்கியில் பணச்சலவைத் தடுப்புப் பொறுப்பைப் பார்க்கிறேன். கூட ஒரே ஓர் உதவியாளர். வழக்கத்துக்கு மாறான பரிவர்த்தனை என்று கணினி காட்டும் எச்சரிக்கை, அதாவது அலர்ட், சாதாரண மாதத்தில் 250 வரும். தை, மாசியில் 600-ஐத் தாண்டிவிடுகிறது. பாதிக்கு மேல் நெல் பணமும் நகைக்கடனும்தான். புது மென்பொருள் வாங்கினால் குறையும் என்கிறார் விற்பனையாளர். அவர் சொல்லும் விலைக்கு எங்கள் நிர்வாகக் குழு ஒப்பாது. அபராதமும் வரக் கூடாது, செலவும் கையை மீறக் கூடாது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: மென்பொருளை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். ஓர் அலர்ட்டைத் திறந்து, ஆறு மாத ஸ்டேட்மென்ட்டைப் பார்த்து, கிளைக்குப் போன் போட்டு, காரணம் எழுதி மூடுவதற்கு 20 நிமிடம் என்றே வைத்துக்கொள்வோம். 600 அலர்ட்டுக்கு 200 மணி நேரம். எட்டு மணி நேர வேலைநாளாகப் பார்த்தால் 25 நாள், அதாவது ஓர் ஆளின் முழு மாதம். உங்கள் செலவு போகிற ஓட்டை இதுதான். பழைய வாடிக்கையாளர் விவரத்தையே ஊற்றினால், புது மென்பொருளும் அதே 600-ஐத்தான் கொட்டும். திரை மட்டும் கலர் கலராக இருக்கும்.

முதலில் பார்க்க வேண்டியது கோர் பேங்கிங்கில் (எல்லாக் கிளைக் கணக்குகளும் இருக்கும் வங்கி மென்பொருள்) 'தொழில்' என்ற கட்டம். அதில் எத்தனை பேருக்கு 'மற்றவை' என்று இருக்கிறது என்று ஒரு பட்டியல் எடுங்கள். கணக்கு தொடங்கிய அன்று கவுன்டரில் கூட்டம்; பட்டியலின் கடைசியில் இருப்பதை அழுத்திவிட்டுப் போயிருப்பார்கள். அரிசி ஆலைக்காரர் 'விவசாயி' என்றும், அஞ்சு ஏக்கர் வைத்திருக்கும் அம்மா 'இல்லத்தரசி' என்றும், நாச்சியார்கோவில் விளக்குப் பட்டறைக்காரர் 'மற்றவை' என்றும் பதிவாகியிருந்தால், எந்த மென்பொருளுக்கும் யாருடைய பணம் எவ்வளவு வரலாம் என்று தெரியாது. எல்லோரையும் ஒரே நாளில் திருத்த வேண்டாம். கடந்த 12 மாதத்தில் அலர்ட் வந்தவர்களை மட்டும் எடுங்கள். திரும்பத் திரும்ப வருகிற பெயர்கள் கொஞ்சம்தான் இருக்கும். அவர்களுக்குத் தொழில், நிலம் எவ்வளவு, சொந்தமா குத்தகையா, ஆண்டுக்கு எவ்வளவு வரவு எதிர்பார்க்கலாம் என்ற நாலு விவரமும் சரியாக இருந்தால் போதும்.

அந்த விவரம் கைக்கு வந்ததும் நெல் பணத்தைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். 2025-26 பருவத்தில் தமிழ்நாட்டில் குவிண்டாலுக்குக் கொள்முதல் விலை பொது ரகம் ₹2,500, சன்ன ரகம் ₹2,545. ஏக்கருக்கு 20 முதல் 25 குவிண்டால் என்றால், அஞ்சு ஏக்கர் சம்பாவுக்கு ஏறக்குறைய ₹2.5 லட்சத்திலிருந்து ₹3.2 லட்சம் வரும். குறுவையும் போட்டிருந்தால் ஆண்டுக்கு இன்னொரு பங்கு. அதே அஞ்சு ஏக்கர்க்காரர் கணக்கில் ஒரே போகத்தில் ₹14 லட்சம் வந்தால், 'நெல் பணம்' என்று எழுதி மூட முடியாது.

இதில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. நேரடிக் கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் வங்கிக் கணக்குக்கே வரும், ரொக்கமாக வராது. ஆகவே வரவு கணக்கில் விழுந்து, மறுநாள் ரொக்கமாக எடுத்தால் அது இயல்பு: அறுவடை இயந்திர வாடகை, ஆள்கூலி, உரக்கடை பாக்கி. ஆனால் ஒருவர் ரொக்கத்தைக் கொண்டுவந்து கட்டிவிட்டு 'கொள்முதல் பணம்' என்றால் அந்தப் பதில் பொருந்தவில்லை. தனியார் வியாபாரிக்கு விற்றாரா என்று கேளுங்கள். இன்னொன்று: ஏழெட்டுப் பேர் கணக்கில் கொள்முதல் தொகை விழுந்த அன்றே, எல்லாம் ஒரே வியாபாரியின் கணக்குக்குப் போகிறதா? எல்லாக் கணக்கிலும் ஒரே கைப்பேசி எண்ணா? வியாபாரி நெல்லை விவசாயிகள் பெயரில் போட்டிருக்க வாய்ப்பு அதிகம். தொகை சின்னது என்று விடாதீர்கள். எஃப்ஐயூ-இந்தியாவுக்கு (ஒன்றிய அரசின் நிதி உளவுப் பிரிவு) அனுப்பும் சந்தேகப் பரிவர்த்தனை அறிக்கைக்குத் தொகை வரம்பு கிடையாது.

மூடும் குறிப்பு எப்படி இருக்க வேண்டும்? "விவசாய வருமானம். சரி." என்று 300 அலர்ட்டில் எழுதியிருந்தால் ஆய்வுக்கு வருபவர் பத்து நிமிடத்தில் பிடித்துவிடுவார். இப்படி எழுதுங்கள்: "5 ஏக்கர் சம்பா, சொந்த நிலம், சிட்டா கோப்பில் உள்ளது. கொள்முதல் தொகை ₹2.87 லட்சம் பிப்ரவரி 6-ல் வரவு. மறுநாள் ₹60,000 ரொக்கம் எடுத்தது அறுவடைச் செலவு. போன ஆண்டு இதே மாதத்திலும் இதே போக்கு." நாலே வரி. அடுத்த ஆண்டு இதே வாடிக்கையாளருக்கு 20 நிமிடம் 5 நிமிடமாகிவிடும்.

நகைக்கடனில் பாதி அலர்ட் பழைய கடனை முடித்து அன்றே மாற்றி வைப்பதால் வருவது. ஒரே ஆள், ஒரே நகை, ஒரே நாள் என்ற மூன்றும் பொருந்தினால் மட்டும் தனி வகையாகப் பிரித்துவிடலாம். பெருந்தொகைக் கடனை வைத்த சில வாரத்துக்குள் ரொக்கமாக மீட்டுவிட்டு, மறுபடி வேறு நகையோடு வருபவர் இந்தச் சலுகையில் சேரக் கூடாது.

அடுத்தது, அலர்ட் எழுவதற்கான தொகை வரம்பை உயர்த்துவது. இதைப் பயந்துகொண்டு செய்யாமல் விடுபவர்களும் உண்டு, யாரையும் கேட்காமல் செய்து மாட்டிக்கொள்பவர்களும் உண்டு. செய்யும் முறை இது. 12 மாத அலர்ட்டை விதிவாரியாகப் பிரியுங்கள்: எந்த விதி எத்தனை அலர்ட் தந்தது, அதில் எத்தனை சந்தேக அறிக்கையாகப் போனது. நிறையத் தந்து ஒன்றுகூடத் தேறாத விதியை எடுத்து, விவசாயக் கணக்குகளுக்கு மட்டும் அறுவடை மாதங்களில் வரம்பை உயர்த்தினால் எவை விடுபடும் என்று பாருங்கள். விடுபடுவதிலிருந்து 30 அலர்ட்டைக் குலுக்கல் முறையில் எடுத்து முழுதாக ஆராயுங்கள். ஒன்று சந்தேகத்துக்குரியதாக இருந்தாலும் வரம்பை அந்த அளவுக்கு உயர்த்தாதீர்கள். ஒன்றும் இல்லையென்றால் அந்த 30-ன் தாள்களையும் வைத்து நிர்வாகக் குழு ஒப்புதல் வாங்கி மாற்றுங்கள். விதியை அணைத்தே வைப்பது மட்டும் கூடாது. ஆண்டுக்கு ஒரு முறையாவது செய்ய வேண்டிய வங்கியின் இடர் மதிப்பீட்டிலும் குறுவை, சம்பா, நகைக்கடன் என்று உங்கள் ஊர் நடைமுறை எழுதப்பட்டிருக்க வேண்டும்; எங்கிருந்தோ நகல் எடுத்த மதிப்பீட்டை வைத்து வரம்பு மாற்றத்தை நியாயப்படுத்த முடியாது.

கேஒய்சி புதுப்பிப்பிலும் வீண் செலவு ஒளிந்திருக்கிறது. அதிக இடர் உள்ள வாடிக்கையாளர் என்றால் 2 ஆண்டுக்கு ஒரு முறை, நடுத்தரம் 8, குறைவு 10. பாதுகாப்புக்கு என்று ஆயிரம் சிறு விவசாயிகளை அதிக இடரில் போட்டால் ஆண்டுக்கு 500 பேரைத் துரத்த வேண்டும். சரியான இடத்தில் வைத்தால் 100 பேர். விவரம் மாறவில்லை என்றால் வாடிக்கையாளரின் சுய அறிவிப்பே போதும், புது நகல் தேவையில்லை. ஆனால் இடர் வகையை ஆறு மாதத்துக்கு ஒரு முறை மறுபார்வை செய்வதை விட்டுவிடாதீர்கள். கூட்டுறவு வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி அபராதம் போடும் உத்தரவுகளில் அடிக்கடி வரும் காரணம் இதைச் செய்யாமல் விட்டதுதான். ஒரே ஆளுக்கு இரண்டு வாடிக்கையாளர் எண் இருப்பது இன்னொன்று. அதைத் திருத்தக் காசு வேண்டாம்: பான், பிறந்த தேதி, கைப்பேசி எண் மூன்றையும் ஒப்பிட்டு ஒன்றாக்குங்கள். ஒன்றாக்காவிட்டால் ரொக்கப் பரிவர்த்தனை அறிக்கையும் தவறும். ஒருவர் ஒரு கிளையில் ₹6 லட்சம், இன்னொன்றில் ₹5 லட்சம் என்று ஒரே மாதத்தில் ரொக்கம் கட்டினால் கூட்டுத்தொகை ₹10 லட்சத்தைத் தாண்டுகிறது; அடுத்த மாதம் 15-ம் தேதிக்குள் எஃப்ஐயூ-இந்தியாவுக்குப் போக வேண்டும். இரண்டு எண் இருந்தால் கணினி இரண்டு பேர் என்று நினைத்துக்கொள்ளும். தவறு ஒவ்வொன்றுக்கும் ₹10,000 முதல் ₹1 லட்சம் வரை அபராதம் விதிக்கப் பணச்சலவைத் தடுப்புச் சட்டத்தின் 13-ம் பிரிவில் இடமுண்டு.

கை வைக்கக் கூடாத செலவு, ஐ.நா. தடைப் பட்டியலோடு பெயர் ஒப்பிடுவது. பட்டியல் இலவசமாகவே கிடைக்கிறது. தினமும் புதுப்பித்து ஓட்ட வேண்டும். தலைவலி நம் பெயர்களில்தான். இனிஷியல் ஒரு இடத்தில் முன்னால், ஒரு இடத்தில் பின்னால். செல்வராஜ், செல்வராஜு என்று எழுத்து மாறும். நாகூர், கூத்தாநல்லூர் பக்கம் பரவலான பெயர்களெல்லாம் பட்டியலோடு உரசும். பெயரை மட்டும் வைத்து முடிவெடுக்காமல் பிறந்த தேதி, தந்தை பெயர், நாட்டுரிமை மூன்றையும் கட்டாயமாக ஒப்பிட்டு, பொருந்தாததை ஆதாரத்தோடு விலக்குப் பட்டியலில் வையுங்கள். தடைப் பட்டியல் மாறினாலோ வாடிக்கையாளர் விவரம் மாறினாலோ அந்த விலக்கு தானாக ரத்தாகி மறுபடி ஒப்பிடப்பட வேண்டும்.

கல்லூரி மாணவர்களின் கணக்கையும் விவசாயக் கணக்கோடு சேர்த்துத் தளர்த்தாதீர்கள். மாதக்கணக்கில் தூங்கிய கணக்கில் திடீரென்று முன்பின் தெரியாத இருபது பேரிடமிருந்து யுபிஐ வரவு, சில நிமிடத்தில் முழுதும் வெளியே என்றால், அது மோசடிப் பணத்தைக் கைமாற்ற வாடகைக்கு விடப்பட்ட கணக்காக இருக்கலாம். நெல்லில் மிச்சமான நேரத்தை இங்கே செலவிடுங்கள்.

இவ்வளவும் செய்தபின் மென்பொருள் தேவைப்பட்டால், 2024-ல் தொடங்கிய நகரக் கூட்டுறவு வங்கிகளுக்கான தலைமை அமைப்பான என்யுசிஎஃப்டிசி வழியாகப் பகிர்ந்து பயன்படுத்தும் வசதி உண்டா என்று முதலில் விசாரியுங்கள். தனியாரிடம் போனால் கேட்க வேண்டியது: வரம்பை நாங்களே மாற்றலாமா, ஒவ்வொரு மாற்றத்துக்கும் பணமா? தொழில்வாரியாக விதி வைக்கலாமா? யார் எப்போது என்ன மாற்றினார் என்ற பதிவு அழியாமல் இருக்குமா? எஃப்ஐயூ கேட்கும் வடிவில் கோப்பு நேராக வருமா?

கிளை ஊழியர்களுக்கு ஒன்று சொல்லி வையுங்கள். வாடிக்கையாளருக்குப் போன் போட்டு "உங்க கணக்கு அலர்ட்ல வந்திருக்கு சார்" என்று பேசக் கூடாது. அறிக்கை போகிறது என்று காட்டிக்கொடுப்பது விதிமீறல். "கேஒய்சி விவரம் புதுப்பிக்கிறோம், இந்த மாச வரவு எதிலிருந்துன்னு சொல்லுங்க" என்று கேட்டாலே போதும். சந்தேக அறிக்கை அனுப்பியதாலேயே கணக்கை முடக்கவும் கூடாது.