ஹேங் ஆனால் ரேமைத் திட்டுவதற்கு முன்

கேள்வி: என் லேப்டாப் அடிக்கடி ஹேங் ஆகிறது. என்ன செய்யலாம்?

ரேம் எவ்வளவு, ஹார்ட் டிஸ்க்கா எஸ்எஸ்டியா, எதைத் திறந்தால் நிற்கிறது? ஒன்றுமே எழுதாமல் கேட்டால் ஜோசியம்தான் பார்க்க வேண்டும். விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: 4 ஜிபி ரேம், ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. இருபது டேப் திறந்ததும் மௌஸ்கூட நகர்வதில்லை, டிஸ்க் விளக்கு மட்டும் விடாமல் எரிகிறது. வைரஸா?

வைரஸ் என்று சந்தேகப்படும் முன் பேஜிங்கைப் பாருங்கள். ரேம் நிரம்பியதும் அதிலுள்ளதைச் சிறு சிறு பக்கங்களாக டிஸ்க்குக்குத் தள்ளி, வேண்டும்போது திரும்ப எடுப்பதுதான் அது. விளக்கைக் கவனித்தீர்களே, அதற்கு சபாஷ். விண்டோஸிலேயே இருக்கும் ரிசோர்ஸ் மானிட்டரில் மெமரி டேபைத் திறந்துவைத்து, நிற்கும் நேரத்தில் ஹார்ட் ஃபால்ட்ஸ் எண்ணிக்கையைப் பாருங்கள், வேண்டியது ரேமில் இல்லாமல் டிஸ்க்கிலிருந்து எடுக்க வேண்டிவந்த தடவைகள் அவை. புதிதாக ஒரு நிரலைத் திறந்தாலே அது ஒருமுறை எகிறும், அது பொருட்டில்லை. நூற்றுக்கணக்கில் ஏறி இறங்காமலே நின்றால் பேஜிங்தான், சந்தேகமே வேண்டாம். ரேமிலிருந்து எடுக்க சுமார் 100 நானோ நொடி, சுழலும் டிஸ்க்கிலிருந்து சுமார் 10 மில்லி நொடி, அதாவது லட்சம் மடங்கு. எஸ்எஸ்டி வலியைக் குறைக்கும், 8 ஜிபி ரேம் நோயையே குறைக்கும். ஆனால் அளந்து பார்த்த பிறகு வாங்குங்கள்.

கேள்வி: லினக்ஸில் ஸ்வாப்பினஸை 60-லிருந்து 10 ஆக்கினால் ஹேங் தீருமா?

தீராது. ஸ்வாப் என்பது ரேமிலிருந்து தள்ளியதை வைக்க டிஸ்க்கில் ஒதுக்கும் இடம், ஸ்வாப்பினஸ் அங்கே தள்ளுவதில் லினக்ஸ் எவ்வளவு முனைப்பு காட்டும் என்ற எண். அதைக் குறைத்தால் எந்தப் பக்கத்தை முதலில் வெளியே தள்ளுவது என்பதுதான் மாறும், ரேமில் இடம் கூடிவிடாது.

கேள்வி: வீடியோ ஒன்றில் சொன்னபடி, விண்டோஸ் ஸ்வாப்பாக வைத்திருக்கும் பேஜ்ஃபைலை ஆஃப் செய்தேன். 16 ஜிபியில் 11தான் நிரம்பியிருக்கிறது, ஆனால் 'மெமரி போதவில்லை' என்று கேம் மூடிக்கொள்கிறது. ரேம் பழுதா?

ரேம் நன்றாக இருக்கிறது, பழுது அந்த வீடியோவில். மாதத்துக்கு நாலு பேராவது இதே கதையோடு வருகிறார்கள், நானும் சலிக்காமல் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிறோமே, நிரல்களும் அப்படித்தான், பின்னால் வேண்டியிருக்கலாம் என்று நிறைய இடத்துக்குத் துண்டு போட்டுவிட்டு அதில் பாதியில்கூட உட்காராது. விண்டோஸ் கறாரான கண்டக்டர். ரேமும் பேஜ்ஃபைலும் சேர்ந்த அளவுக்கு மேல் ஒரு துண்டுகூடப் போட விடாது. பேஜ்ஃபைலை எடுத்துவிட்டால் ரேம் மட்டும்தான் கணக்கு, அப்புறம் 5 ஜிபி காலியாக இருந்தும் இடம் இல்லைதான். டாஸ்க் மேனேஜரில் 'கமிட்டட்' என்ற வரியைப் பாருங்கள், போட்ட துண்டுகள், போடக்கூடிய வரம்பு என்ற இரண்டு எண்களும் ஒட்டிக்கொண்டிருக்கும். பேஜ்ஃபைல் இருந்தாலே எல்லாம் டிஸ்க்குக்குப் போய்விடும் என்பது பொய், உட்காராத துண்டுகளுக்கு டிஸ்க்கில் ஒரு எழுத்துகூட எழுதப்படாது. 'சிஸ்டமே பார்த்துக்கொள்ளட்டும்' என்று மாற்றி ரீஸ்டார்ட் செய்யுங்கள். அளக்காமல் எதையும் மாற்றாதீர்கள் என்று இன்னும் எத்தனை முறை எழுதுவது?

கேள்வி: உபுண்டு, 8 ஜிபி, ஸ்வாப்பே வைக்கவில்லை. அப்படியும் கம்பைல் செய்யும்போது உறைகிறது, டிஸ்க் ஓடிக்கொண்டே இருக்கிறது. எப்படி?

நல்ல கேள்வி. ஸ்வாப் இல்லாவிட்டாலும் பேஜிங் உண்டு. ஓடும் நிரல்களின் கோட் டிஸ்க்கில் ஃபைலாக இருப்பதால், நெருக்கடியில் லினக்ஸின் மையமான கெர்னல் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த நொடியே திரும்பப் படிக்கிறது. விஎம்ஸ்டாட் கட்டளையில் ஸ்வாப்பின் வரத்துபோக்கைக் காட்டும் எஸ்ஐ, எஸ்ஓ பூஜ்யமாக இருக்க, டிஸ்க்கிலிருந்து படிப்பதைக் காட்டும் பிஐ மட்டும் எகிறும். பக்கங்களை ரேமுக்குள்ளேயே சுருக்கி வைக்கும் இசட்ரேம் போடுங்கள், கூடவே ரேம் முழுதும் தீரும் முன்பே ஒரு நிரலை மூடிவிடும் இயர்லிஊம் நிறுவுங்கள், ஒரே நேரத்தில் ஓடும் கம்பைல் வேலைகளின் எண்ணிக்கையையும் பாதியாக்குங்கள்.

கேள்வி: நல்ல ரேம் க்ளீனர் ஒன்று சொல்லுங்களேன்?

கிடையாது. உபயோகத்தில் உள்ள பக்கங்களை விரட்டிவிட்டு 'காலி' என்று பச்சை நிறத்தில் காட்டும், பிறகு அதையெல்லாம் நீங்கள்தான் காத்திருந்து திரும்ப வாங்க வேண்டும்.