சான்றிதழ் இருந்தால் பரிசோதனை வேண்டாமா?
வாசகர் கேள்வி – பதில்: வேலையிடப் பாதுகாப்பு

கேள்வி: பினாங்கு பெருநிலத்தில் ஓர் இரும்புப் பட்டறையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். எங்கள் 5 டன் மேல்நிலைப் பாரந்தூக்கியின் தகுதிச் சான்றிதழ் இன்னும் காலாவதியாகவில்லை. ஆனால் கொக்கியின் பாதுகாப்புத் தாழ் உடைந்துவிட்டது. பாரத்தைக் கட்டிக் கொக்கியில் மாட்டும் துணிப்பட்டை ஸ்லிங்குகள் இரண்டில் லேபிளே இல்லை. முதலாளியிடம் சொன்னால், "பரிசோதகர் பார்த்துச் சான்றிதழ் கொடுத்துவிட்டார், அடுத்த முறை வரும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார். இது சரியா? விபத்து நடந்தால் பொறுப்பு யாருடையது?
– வாசகர், பிறை

பதில்: சரியல்ல. பரிசோதனை நடந்த நாளில் அந்த இயந்திரம் எந்த நிலையில் இருந்தது என்பதை மட்டுமே தகுதிச் சான்றிதழ் சொல்கிறது. அதற்குப் பிறகு உடைந்த தாழுக்கும் தேய்ந்த கம்பி வடத்துக்கும் அது சாட்சி சொல்லாது. மேலும், சான்றிதழ் பிஎம்ஏ எண் (பாரம் தூக்கும் இயந்திரத்தின் பதிவு எண்) பெற்ற இயந்திரத்துக்கு வழங்கப்படுவது. அதில் மாட்டிப் பயன்படுத்தும் ஸ்லிங், ஷேக்கல் (இணைப்பு வளையம்), சங்கிலி ஆகியவற்றின் நிலையைக் கவனிப்பது முதலாளியின் அன்றாடக் கடமை.

1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 15ஆவது பிரிவு, இயந்திரங்களைப் பாதுகாப்பான நிலையில் வழங்கிப் பராமரிக்கும் பொறுப்பை, நடைமுறைக்கு இயன்றவரை, முதலாளி மீதே சுமத்துகிறது. 2024 ஜூன் 1 முதல், 1967ஆம் ஆண்டு தொழிற்சாலை இயந்திரச் சட்டம் ரத்தாகி, திருத்தப்பட்ட 1994ஆம் ஆண்டுச் சட்டம் சிறு பட்டறைகள் உட்பட ஏறத்தாழ எல்லா வேலையிடங்களுக்கும் பொருந்துகிறது. முன்பு 50,000 ரிங்கிட்டாக இருந்த உச்ச அபராதம் இப்போது 500,000 ரிங்கிட். ஈராண்டு வரை சிறைத்தண்டனையும் விதிக்கப்படலாம். நிறுவனம் குற்றம் புரிந்தால், இயக்குநர்களும் தனிப்பட்ட முறையில் பதில் சொல்ல வேண்டிய நிலையை 52ஏ பிரிவு ஏற்படுத்தியிருக்கிறது. ஆகவே, "பரிசோதகர் பார்த்துவிட்டார்" என்னும் பதில் உங்கள் முதலாளியைக் காப்பாற்றாது. குறை சொல்லப்பட்ட பிறகும் அதே ஸ்லிங்கில் பாரம் தூக்க விட்டார் என்பது அவருக்கு எதிராகவே நிற்கும்.

லேபிள் இல்லாத ஸ்லிங்கைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் பலர் அதைச் சிறு குறையாகவே நினைக்கிறார்கள். எவ்வளவு பாரம் தாங்கும் என்பது அந்த லேபிளில்தான் இருக்கிறது. 2 டன் பாரத்தை இரு கால் ஸ்லிங்கால் தூக்கும்போது, கால்கள் நேர் செங்குத்தாக இருந்தால் ஒவ்வொன்றும் 1 டன் சுமக்கும்; கிடைமட்டத்திலிருந்து 60 பாகைக் கோணத்தில் அது ஏறத்தாழ 1.15 டன்னாகிறது, 30 பாகைக்குத் தாழ்ந்தால் ஒவ்வொரு காலும் முழு 2 டன்னையும் தாங்க வேண்டும். தாங்குதிறன் தெரியாத பட்டையை வைத்துக்கொண்டு இந்தக் கணக்கை யாரால் போட முடியும்? லேபிள் இல்லாததையும், வெட்டுப்பட்டதையும், தீயிலோ வெல்டிங் பொறியிலோ கருகியதையும் உடனே விலக்கி, யாரும் மீண்டும் எடுத்துப் பயன்படுத்தாதவாறு வெட்டிப் போட வேண்டும்.

ஒவ்வொரு வேலைநேரத் தொடக்கத்திலும் ஓட்டுநர் கொக்கி, தாழ், வடம், பிரேக், மேல் எல்லைச் சுவிட்ச் (கொக்கி அளவுக்கு மீறி மேலேறாமல் நிறுத்துவது) ஆகியவற்றைப் பாரமின்றி இயக்கிப் பார்க்க வேண்டும். அதற்கான நேரத்தையும் பயிற்சியையும் தருவது முதலாளியின் வேலை. அதற்கு மேலாக, விஷயம் தெரிந்த ஒருவர் குறிப்பிட்ட இடைவெளியில் முழுமையாகச் சோதித்துப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். வடத்தில் அறுந்த இழைகள், விட்டம் குறைதல், முறுக்கு பிரிந்து கூண்டுபோல் உப்புதல், துரு ஆகியவை அவர் பார்க்க வேண்டியவை. பிரிட்டனின் 1998ஆம் ஆண்டு விதிகள் பொதுவாக ஸ்லிங் போன்ற துணைக்கருவிகளுக்கும் ஆட்களைத் தூக்கும் சாதனங்களுக்கும் 6 மாதங்களும் மற்றவற்றுக்கு 12 மாதங்களும் என்று வரையறுக்கின்றன. அது நம் நாட்டுச் சட்டம் அல்ல. ஆனாலும் இடைவெளியைத் தீர்மானிக்க நல்ல அளவுகோல் என்றே கருதுகிறேன். வெயிலிலும் கடற்காற்றிலும் இயங்கும் சாதனங்களுக்கு இதைவிட அடிக்கடி பார்ப்பது நல்லது.

உங்கள் புகாரை இன்றே தேதியிட்டு எழுத்தில் கொடுத்து, ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். பட்டறையில் ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்தால், பாதுகாப்பு அதிகாரி இல்லாத நிலையில் ஒருங்கிணைப்பாளர் ஒருவரை நியமித்திருக்க வேண்டும், அவருக்கும் தெரிவியுங்கள்.

கேள்வி: நாங்கள் நடமாடும் பாரந்தூக்கியை ஓட்டுநருடன் வாடகைக்கு எடுக்கிறோம். பரிசோதனைப் பொறுப்பு வாடகை நிறுவனத்தைச் சேர்ந்ததுதானே?
– வாசகர், கூலிம்

பதில்: அவர்களுக்கும் உண்டு, உங்களுக்கும் உண்டு. குத்தகையாளரை அமர்த்தி அவர் வேலையை வழிநடத்தும் தரப்புக்கும் 18ஏ பிரிவு கடமை விதிக்கிறது. வண்டி வாசலுக்குள் நுழையும் முன் சான்றிதழின் தேதி, ஓட்டுநரின் தகுதி, ஸ்லிங்குகளின் நிலை ஆகியவற்றைக் கேட்டுப் பாருங்கள். காட்டத் தயங்குபவரைத் திருப்பி அனுப்புவதே சரி. வேலையின்போது பாரந்தூக்கி கவிழ்ந்தாலோ, பாரம் தாங்கும் பாகம் முறிந்தாலோ, எவருக்கும் காயமில்லை என்றாலும் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறையான ஜேகேகேபிக்கு உடனே தெரிவித்து, 7 நாட்களுக்குள் அறிக்கை அனுப்ப வேண்டும்.

கேள்வி: பழுதான ஸ்லிங்கில் தூக்க மறுத்தால் வேலை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. புதிய ஸ்லிங் வாங்கச் சம்பளத்தில் பிடிப்பதாகவும் சொல்கிறார்கள்.
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: உடனடி ஆபத்து இருப்பதாக நம்ப நியாயமான காரணம் இருந்து, தெரிவித்த பின்னும் முதலாளி அதை நீக்காவிட்டால், அந்த வேலையிலிருந்து விலகிக்கொள்ளும் உரிமையை 26ஏ பிரிவு உங்களுக்குத் தருகிறது, அப்படி விலகியதற்காக உங்களைப் பாரபட்சமாக நடத்தக் கூடாது. முதலில் மேற்பார்வையாளரிடம் சாட்சியுடன் சொல்லுங்கள். சொல்லாமல் இடத்தை விட்டுப் போகாதீர்கள். பாதுகாப்புச் சட்டத்தின்படி முதலாளி வழங்க வேண்டிய எதற்கும் ஊழியரிடம் கட்டணம் வசூலிப்பதை 26ஆவது பிரிவு தடை செய்கிறது. ஸ்லிங்கின் விலையை உங்கள் சம்பளத்தில் பிடிக்க அவருக்கு உரிமை இல்லை.